எலும்பு கூடியதா என்று பார்ப்பது யார்?

ஒரு தலைமுறைக்கு முன்பு வரை, தொடை எலும்பு முறிந்தவர் காலில் எடை கட்டித் தொங்கவிட்டபடி வாரக்கணக்கில் மல்லாந்து கிடப்பார். இன்று நிலைமை வேறு. திருத்துறைப்பூண்டிச் சாலையில் பைக்கிலிருந்து விழுந்தவரையும் பேராவூரணியில் தென்னை மரத்திலிருந்து விழுந்தவரையும், 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் தூக்கி வருகிறது. 1959-இல் தொடங்கிய தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியோடு, திருவாரூரில் 2010-இலும் நாகப்பட்டினத்தில் 2022-இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகப் பிறந்து, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடந்துவரும் ஏற்பாடு அறுவை சிகிச்சையின் செலவை ஏற்கிறது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தனியார் மருத்துவமனையிலும் கட்டணமின்றித் தருகிறது. இவை ஒவ்வொன்றும் பெருமைக்குரியவை. ஆனால் எல்லாமே முறிவு நேர்ந்த முதல் சில நாட்களைச் சுற்றி அமைந்தவை. உள்ளே வைத்த கம்பியைச் சுற்றி எலும்பு கூடியதா என்பது தெரிய ஆறு மாதம் ஆகும். அந்த ஆறாவது மாதத்தில் நோயாளி எங்கே இருக்கிறார், எப்படி நடக்கிறார் என்று பார்க்கும் பொறுப்பு இந்தத் திட்டங்களில் யாரிடமும் ஒப்படைக்கப்படவில்லை. தடுத்திருக்கக் கூடிய தோல்விகள் கைநழுவிப் போவது இந்த இடைவெளியில்தான். இதை அடைக்கப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை.

உடலிலேயே நீளமானதும் வலுவானதும் தொடை எலும்புதான். அதை முறிக்கப் பெரும் விசை வேண்டும். ஆகவே அது முறியும்போது தனியாக முறிவதில்லை. சுற்றியுள்ள தசை நசுங்குகிறது, எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வு கிழிகிறது, ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை இரத்தம் தொடைக்குள்ளேயே கசிந்துவிடும். 2022-இல் தமிழ்நாட்டில் 64,000-க்கும் மேற்பட்ட சாலை விபத்துகள் பதிவாயின; எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். உயிரிழந்தவர்கள் ஏறத்தாழ 17,900 பேர். உயிர் பிழைத்தவர்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அவர்களில் இருசக்கர வாகனத்தில் சென்ற இளைஞர்களுக்குத் தொடை எலும்பின் நடுத்தண்டு முறிவது வழக்கமான காயம். காவிரிப் படுகையில் இதோடு வேறு சிலவும் சேர்கின்றன: வாய்க்கால் கரையில் கவிழும் டிராக்டர், நெல் மூட்டை ஏற்றும்போது சரியும் லாரி, மழைக்காலத்தில் வழுக்கும் வரப்பு. வயதான பெண்கள் கொல்லைப்புறத்தில் கால் தடுக்கி விழுந்தாலே இடுப்புக்குக் கீழே எலும்பு முறிந்துவிடுகிறது. இவர்களில் பலர் அன்றாடக் கூலியில் வாழ்பவர்கள். நாற்றுப் பறிக்கவும் நடவு நடவும் களை எடுக்கவும் குனியவும் குந்தவும் வேண்டும். கால் கூடாமல் போனால் அந்த வீட்டில் அடுப்பெரிவதே கேள்விக்குறி.

எலும்பு எப்படிக் கூடுகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால்தான் எங்கே தவறுகிறது என்பது புரியும். ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் 1939-இல் தொடை எலும்பின் உட்குழலுக்குள் உலோகக் கம்பியை முதன்முதலாகச் செலுத்தினார். இன்று நம் ஊரில் ‘ராடு வைத்தார்கள்’ என்று சொல்வது அதன் வழிவந்த முறை; மேலும் கீழும் குறுக்குத் திருகாணி போட்டுப் பூட்டுவது 1970-களில் வந்த மாற்றம். ராடு எலும்பை ஒட்டுவதில்லை. முறிந்த முனைகளை விலகாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஒட்டும் வேலையை உடல்தான் செய்ய வேண்டும். முறிந்த இடத்தில் உறைந்த இரத்தத்துக்குள் புதிய இரத்தக் குழாய்கள் வளர்ந்து, மெல்லிய திசு உண்டாகி, அது குருத்தெலும்பாகி, பிறகு சுண்ணாம்பேறிக் கெட்டிப்படும். ஆறாவது வாரம் எடுக்கும் எக்ஸ்ரேயில் முறிவைச் சுற்றி மேகம் போன்ற ஒரு மங்கல் வெள்ளை தெரிய வேண்டும். முன்னிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் என்று இரண்டு எடுத்தால் எலும்பின் நான்கு விளிம்புகளைப் பார்க்கலாம். நான்கில் மூன்று விளிம்புகளில் புது எலும்பு பாலம் போட்டிருந்தால் கூடிவிட்டது என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள். இதற்கு நான்கு முதல் ஆறு மாதம். சம்பாப் பட்டத்தில் சி.ஆர். 1009 விதைத்து அறுப்பதற்கு ஆகும் காலம். நடவு முடிந்ததும் வயலை மறந்துவிட்டு அறுவடைக்கு மட்டும் போகும் விவசாயி இந்த மண்ணில் இல்லை.

கூடாத எலும்பும் ஒரே வகை இல்லை. சிலருக்கு முறிவின் இருபுறமும் எலும்பு யானைக்கால் போலப் பெருத்திருக்கும், ஆனால் நடுவே கோடு மறையாது. உயிரோட்டம் இருக்கிறது, பிடிமானம் போதவில்லை என்று பொருள். பழைய ராடை எடுத்துவிட்டு உட்குழலைக் குடைந்து தடிமனான ராடு போட்டால் பெரும்பாலும் கூடிவிடும். வேறு சிலருக்கு முனைகள் பென்சில் சீவியதுபோல் மெலிந்திருக்கும். இரத்த ஓட்டமே குன்றிவிட்டது. இடுப்பெலும்பிலிருந்து எலும்புத் துகள் எடுத்து வைக்காமல் அது கூடாது. மூன்றாவது வகைதான் கொடியது. உள்ளே கிருமி குடியேறி, உலோகத்தின் மேல் படலமாகப் படிந்து, மருந்து நெருங்க முடியாதபடி தங்கிவிடும். தொடையில் சிறு புண், அதில் அவ்வப்போது சீழ். ராடை எடுத்து, செத்த எலும்பை வெட்டிக் கழித்து, பல கட்டங்களாக மறுபடியும் தொடங்க வேண்டும். அலன் மாஸ்கலே வகுத்த பிரெஞ்சு முறையும், சைபீரியாவின் குர்கானில் 1950-களில் இலிசரோவ் உருவாக்கிய வளைய முறையும் இத்தகைய கால்களைக் காப்பாற்றுகின்றன. ஆனால் அவை ஓராண்டு, ஈராண்டு வேலை. மூன்றாம் மாதத்தில் ஒரு திருகாணியைக் கழற்றிவிட்டாலே சரியாகியிருக்கக் கூடிய கால் சில வேளை இந்த நிலை வரை வந்து சேர்கிறது.

‘உள்ளே வைத்த கம்பி உடைந்துபோச்சு, மட்டமான கம்பி போட்டுட்டாங்க’ என்ற குறை அடிக்கடி காதில் விழும். உலோகம் தரமற்றதாக இருக்கவும் கூடும். அதைச் சோதிக்க வேண்டியது அரசின் கடமை. ஆனால் பெரும்பாலும் நடப்பது தலைகீழ். நன்றாக நடமாடும் ஒருவர் ஓராண்டில் ஒரு காலைப் பத்து லட்சம் முறை ஊன்றுகிறார். எலும்பு கூடும் வரை அந்தப் பாரத்தை ராடும் திருகாணிகளும் சுமக்கின்றன. எந்த எஃகும் எந்த டைட்டானியமும் இப்படி முடிவில்லாமல் சுமக்கும்படி செய்யப்படவில்லை. எலும்பு குறித்த காலத்தில் கூடிவிட்டால் பாரம் எலும்புக்கு மாறிவிடும். கூடாவிட்டால் உலோகம் களைத்து ஒருநாள் முறியும். ஆக, உடைந்த கம்பி என்பது பல மாதங்களாகவே எலும்பு கூடாமல் இருந்ததன் சாட்சி. அந்த மாதங்களில் ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தால் உலோகம் முறியும் முன்பே தெரிந்திருக்கும்.

இத்தனை பேசும் அளவுக்கு இது பெரிய எண்ணிக்கையா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. வின்குவிஸ்ட், ஹான்சன், கிளாசன் ஆகியோர் 1984-இல் அமெரிக்காவிலிருந்து வெளியிட்ட 520 தொடை எலும்பு முறிவுகளின் கணக்கில் 99 விழுக்காடு கூடியிருந்தது. கனடாவின் எலும்புக் காய மருத்துவர்கள் சங்கம் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், உட்குழலைக் குடைந்து ராடு போட்டவர்களில் 1.7 விழுக்காட்டினருக்கும், குடையாமல் போட்டவர்களில் 7.5 விழுக்காட்டினருக்கும் எலும்பு கூடவில்லை. அந்த எண்களை வைத்து, நூற்றுக்கு இரண்டு பேருக்காக ஏன் ஒரு ஏற்பாடு என்று ஒருவர் முடிவு கட்டினால் அது தவறான பாடம். முதலாவதாக, அவை தேர்ந்த மையங்களில், நோயாளிகளைக் கடைசி வரை பின்தொடர்ந்து பெற்ற முடிவுகள். பின்தொடர்ந்ததே அந்த வெற்றியின் ஒரு பகுதி. இரண்டாவதாக, அதே கனடா ஆய்வு அறுவை அரங்கில் எடுக்கும் ஒரு முடிவு தோல்வியை நான்கு மடங்கு கூட்டவோ குறைக்கவோ முடியும் என்று காட்டுகிறது. அப்படியிருக்க, அறுவை அரங்குக்கு வெளியே நடப்பவை, அதாவது தாமதம், தொற்று, சர்க்கரை, புகையிலை எல்லாம் சேரும்போது விளைவு என்னவாகும்? மூன்றாவதாக, தோல்வி சிறு எண்ணிக்கையாக இருந்தாலும் அதன் சுமை சிறிதன்று. இரண்டாவது அறுவை முதலாவதைவிடக் கடினம், செலவு அதிகம், வெற்றி வாய்ப்பு குறைவு. அந்தச் சுமையைத் தாங்குபவர் வீட்டில் சம்பாதிக்கும் ஒரே ஆளாக இருக்கும்போது விழுக்காட்டுக் கணக்கு ஆறுதல் தராது.

தாமதத்தை எடுத்துக்கொள்வோம். இந்தியா உட்படக் குறைந்த, நடுத்தர வருவாய் கொண்ட 18 நாடுகளில் 30,000-க்கும் மேற்பட்ட எலும்பு முறிவு நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2020-இல் வெளியானது. மருத்துவமனையில் சேரத் தாமதமானதற்கு ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பப்பட்டது முக்கியக் காரணங்களில் ஒன்றாக அதில் தெரிந்தது. தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரியும் முறிவில் கிருமிக்கொல்லி மருந்தை முதல் ஊசியாக எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவுக்குத் தொற்று குறையும். வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். அந்த ஊசியைத் தஞ்சாவூர் வரை தள்ளிப்போடாமல் தாலுகா மருத்துவமனையிலோ ஆம்புலன்ஸிலோ போட்டுவிட்டால், பல மாதம் கழித்து வரவிருக்கும் சீழை அங்கேயே பாதி நிறுத்திவிடலாம். முதல் 48 மணி நேரத்தின் தரம் ஆறாவது மாதத்தில்தான் வெளிப்படும். ஆறாவது மாதத்தைப் பார்க்காத நிர்வாகத்துக்குத் தன் 48 மணி நேரம் எப்படி நடந்தது என்பதும் தெரியாது.

வீடு திரும்பிய பிறகு நடப்பவை இன்னும் முக்கியம். 2000-இல் ஜியானூடிஸும் அவருடைய சகாக்களும் பிரிட்டனிலிருந்து வெளியிட்ட ஓர் ஆய்வு, தொடை எலும்பு கூடாத 32 பேரை, கூடிய 67 பேரோடு ஒப்பிட்டது. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களிடம் எலும்பு கூடாமை மிக அதிகமாக இருந்தது. கூடாத காலில் வலி அதிகம், ஆகவே மாத்திரையும் அதிகம் என்று இதைத் திருப்பியும் வாதிடலாம். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனாலும் எச்சரிக்கைக்கு அது போதும். நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் ‘கால் வலி மாத்திரை’ என்று கேட்டால் சீட்டே இல்லாமல் கிடைப்பது அந்த வகை மாத்திரைதான். புகையிலையும் அப்படியே. பீடியானாலும், வெற்றிலையோடு வாயில் அடக்கும் புகையிலையானாலும், நிக்கோட்டின் இரத்தத்தில் கலந்து நுண்குழாய்களைச் சுருக்குகிறது. புது இரத்தக் குழாய் வளர வேண்டிய இடத்தில் அது நேரான இடையூறு. கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலையின் மேல் யாருக்கும் குற்றமில்லை. அதனுள் மடித்து வைக்கும் புகையிலையை ஆறு மாதம் நிறுத்தச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். சர்க்கரை நோய் இந்தியாவில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய ஆய்வு சொல்கிறது. கட்டுக்குள் இல்லாத சர்க்கரை தொற்றையும் அழைக்கும், எலும்பு கூடுவதையும் தாமதப்படுத்தும்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். எலும்பு முறிந்த வீட்டில் ஆட்டுக்கால் சூப்பும் பிரண்டைத் துவையலும் தவறாமல் வரும். பிரண்டையைக் கேலி செய்ய வேண்டாம். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் உடுப்பாவும் பிரசாத்தும் 1960-களில் அதை எலும்பு முறிவில் ஆராய்ந்து நம்பிக்கையூட்டும் முடிவுகளை வெளியிட்டிருக்கிறார்கள். தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் மூன்று வேளையும் சோறும் குழம்பும் மட்டுமே உண்ணும் கூலித் தொழிலாளியின் உடலுக்குப் புரதம் போதாது. முட்டை, பருப்பு, மீன், பால், சுண்டல் வேண்டும். மாதக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே படுத்திருப்பவருக்கு வெயில் படாமல் வைட்டமின் டி குறையும். காலை வெயிலில் நாற்காலி போட்டு உட்காரவைப்பதற்குக்கூட வீட்டாரிடம் யாராவது சொன்னால்தான் நடக்கும்.

வீட்டில் எழும் பெரிய கேள்வி, ‘எப்போது காலை ஊன்றலாம்?’ என்பது. ராடு போட்ட நடுத்தண்டு முறிவில் மருத்துவர் சொன்ன அளவுக்கு ஊன்றி நடப்பது எலும்பு கூட உதவும். முழங்காலுக்கு அருகே பிளேட் போட்டிருந்தால் கணக்கு வேறு. அவசரப்பட்டால் திருகாணி பிடுங்கிக்கொள்ளும். ஒருவருக்குச் சொன்னது இன்னொருவருக்குப் பொருந்தாது. ஆனால் அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் ஒரே அறிவுரையைத்தான் சொல்வார்கள்: ‘மூணு மாசம் அசையாதே.’ அதனால் முழங்கால் இறுகுகிறது, தொடைச் சதை கரைகிறது, வயதானவர்களுக்குப் படுக்கைப்புண் வருகிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் இதற்கான பதில் இருக்கும், ஆங்கிலச் சுருக்கெழுத்தில் மூன்றே எழுத்துகளாக. ஒரு பக்கத் தமிழ்த் தாள் ஒன்றை ஒவ்வொரு நோயாளிக்கும் தர என்ன செலவாகும்? எந்த வாரம் எவ்வளவு ஊன்றலாம், எந்த மாத்திரை கூடாது, எந்தத் தேதியில் எக்ஸ்ரே, தையல் போட்ட இடத்தில் நீர் வடிந்தால் அன்றைக்கே யாரைக் கூப்பிட வேண்டும் என்ற நான்கும் அதில் இருந்தால் போதும்.

இங்கேதான் வலுவான மறுப்பு வருகிறது. ‘வரச் சொல்கிறோம், அவர்கள் வருவதில்லை’ என்பது மருத்துவர்களின் குறை. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஏன் வருவதில்லை என்று பார்க்க வேண்டும். வாக்கரோடு ஒருவர் கோடியக்கரையிலிருந்து தஞ்சாவூருக்கு வர, துணைக்கு ஒருவர் வேண்டும். இருவருக்கும் பேருந்துக் கட்டணம் வேண்டும். துணைக்கு வருபவருக்கு ஒருநாள் கூலி போகும். நகரப் பேருந்தில் பெண்களுக்கு உள்ள இலவசப் பயணம் புறநகர்ப் பேருந்துக்கு இல்லை. கூட்டமான பேருந்தின் உயரமான படியில் காலை மடக்காமல் ஏறுவதே ஒரு சாகசம். ஆட்டோவோ காரோ பிடித்தால் பல நாள் கூலி. இத்தனையும் கழித்து, புறநோயாளிப் பிரிவின் நெரிசலில் காத்திருந்து, ‘நல்லாத்தான் இருக்கு, அடுத்த மாதம் வாங்க’ என்ற சொல்லைப் பெற்றுத் திரும்பியவர் அடுத்த மாதம் வராததைப் பொறுப்பின்மை என்று சொல்லக் கூடாது. வசதி இல்லாதவர் எடுக்கும் இயல்பான முடிவு அது.

கட்டுப் போடும் வைத்தியர்களிடம் மக்கள் போவதையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஆந்திரத்துப் புத்தூரின் பெயரால் ‘புத்தூர் கட்டு’ என்ற பலகைகள் தமிழ்நாட்டின் எல்லா ஊர்ச் சாலைகளிலும் தொங்குகின்றன. தொடைத் தசைகள் உடலிலேயே வலிமையானவை. முறிந்த எலும்பை அவை ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்துவிடும். மூங்கில் பத்தையும் துணியும் அதைப் பிடித்துவைக்க முடியாது. பெரியவர்களின் தொடை எலும்பு முறிவுக்கு அந்தக் கட்டு ஏற்றதல்ல என்பதில் ஐயமே வேண்டாம். அறுவைக்குப் பிறகு எண்ணெய் போட்டு நீவுவதும் ஆபத்து. ஆனால் அந்த வைத்தியரிடம் ஒரு பழக்கம் இருக்கிறது: குறித்த நாளில் கட்டை மாற்ற வரச் சொல்கிறார், ஒவ்வொரு முறையும் காலைத் தொட்டுப் பார்க்கிறார், வலி குறைந்ததா என்று கேட்கிறார். அறுவை முடிந்து பல மாதமாகியும் ஊன்ற முடியாதவர் அவரிடம் போவதற்கு அறியாமை மட்டும் காரணமில்லை. தன் காலைப் பற்றிக் கேட்க வேறு ஆள் இல்லாததும் காரணம்.

நோயாளியைப் பின்தொடர்வது அரசுக்குப் புதிய வேலையா என்றால், இல்லை. தமிழ்நாட்டில் கர்ப்பிணி ஒருவருக்குப் பிக்மி என்ற பதிவு எண் கொடுத்து, பேறுகாலம் முடிந்து குழந்தைக்குத் தடுப்பூசி போடும் வரை கிராமச் செவிலியர் பின்தொடர்கிறார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவி, பரிசோதனைக்கு வந்தது, பிரசவம் ஆனது, தடுப்பூசி போட்டது என்று படிப்படியாகத்தான் கைக்கு வருகிறது. காசநோய்க்கு ஆறு மாத மருந்து; அந்த ஆறு மாதமும் நோயாளி விடுபடாமல் பார்த்துக்கொள்ளப் பதிவு இருக்கிறது, ஊட்டச்சத்துக்கு மாதந்தோறும் மத்திய அரசின் உதவித்தொகை இருக்கிறது; 2018-இல் 500 ரூபாயாகத் தொடங்கி 2024 நவம்பரில் 1,000 ரூபாயானது. தொடை எலும்புக்கும் அதே ஆறு மாதம்தான். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு பெண் தன்னார்வலர் வீட்டுக்கே வருகிறார். இயன்முறை மருத்துவரும் வருகிறார். தொடையில் ராடு போட்டுப் படுத்திருப்பவரின் பெயரை அவர்கள் பட்டியலில் சேர்ப்பதற்குத் தடையென்ன? விபத்துச் சிகிச்சைக்கான மாநில அளவிலான பதிவேடும் ஏற்கெனவே உண்டு. நோயாளியின் பெயர் அதில் ஏறிவிடுகிறது. வீடு திரும்பிய பின் என்ன ஆனார் என்ற ஒரு பத்திதான் சேர்க்கப்பட வேண்டும்.

அமெரிக்காவில் லூயிஸ் ஸிர்க்கில் என்ற எலும்பு மருத்துவர் 1999-இல் தொடங்கிய ‘சைன்’ அமைப்பின் அனுபவம் நமக்கு மிகவும் பயன்படக் கூடியது. வியட்நாம் போரில் ராணுவ மருத்துவராக இருந்தவர் அவர். ஏழை நாடுகளின் மருத்துவமனைகளுக்கு ராடுகளை இலவசமாக அனுப்புகிறது அந்த அமைப்பு. பயன்படுத்திய ராடுக்கு ஈடாகப் புது ராடு வேண்டுமென்றால், மருத்துவர் அந்த நோயாளியின் விவரத்தையும் எக்ஸ்ரேயையும் பொதுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அங்கும் பலர் திரும்பி வருவதில்லை. அதனால் எளிய ஒரு சோதனையைக் கொண்டுவந்தார்கள்: நோயாளி முழுவதுமாகக் குந்தி உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். வலியில்லாமல் ஆழக் குந்த முடிகிறது என்றால் எலும்பு பெரும்பாலும் கூடிவிட்டது என்று பொருள். குந்த முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இந்தச் சோதனை காவிரிப் படுகைக்காகவே செய்ததுபோல் இருக்கிறது. நாற்றங்காலிலும் களத்திலும் கொல்லைப்புறத்திலும் குந்தி உட்காருவதே இங்கே வாழ்க்கை. தன்னார்வலரின் கைப்பேசி ஒன்று போதும். கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை அரசு மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரேயை அதே கைப்பேசியில் தஞ்சாவூர் மருத்துவருக்கு அனுப்பிவிடலாம். ஊன்றி நடப்பவரும் குந்துபவரும் பயணம் செய்ய வேண்டியதில்லை. முடியாதவரை மட்டும் வண்டி வைத்து அழைத்து வரலாம். புறநோயாளிப் பிரிவுக்குக் கூட்டம் கூடும் என்ற அச்சத்துக்கும் இதில் பதில் இருக்கிறது: கூட்டம் குறையும்.

பணத்தைச் சிகிச்சையின் தரத்தோடு இணைப்பதும் சோதித்துப் பார்த்த வழிதான். இங்கிலாந்தில் இடுப்பெலும்பு முறிவுக்கான தேசியப் பதிவேடு 2007-இல் தொடங்கியது. 2010 முதல், குறித்த தரங்களை எட்டிய நோயாளி ஒவ்வொருவருக்கும் மருத்துவமனைக்குக் கூடுதல் தொகை தரப்பட்டது. 2007-க்கும் 2011-க்கும் இடையே முப்பது நாட்களுக்குள் இறந்தவர்களின் விகிதம் 10.9-இலிருந்து 8.5 விழுக்காடாகக் குறைந்தது. இதற்கு மருத்துவர்கள் தரப்பில் ஒரு பயம் எழும்: தோல்வியை எண்ணத் தொடங்கினால், கடினமான முறிவுகளை எடுக்கவே தயங்குவோம், எல்லாவற்றையும் மேலே அனுப்பிவிடுவோம் என்று. இந்தப் பயத்தை ஒதுக்கிவிடக் கூடாது. சிதறிய எலும்பும் கிழிந்த தசையுமாக வரும் காலில் எவ்வளவு திறமையான கைக்கும் தோல்வி வரும். அதனால் எலும்பு கூடாததற்காக ஒரு ரூபாயும் பிடிக்கக் கூடாது, பெயர் சொல்லிப் பட்டியலும் போடக் கூடாது. பார்க்காமல் விட்டதற்கு மட்டுமே காப்பீட்டுத் தொகையில் ஒரு பகுதி நிற்க வேண்டும். மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் எக்ஸ்ரே பதிவேறினால், அது கூடிய எலும்பானாலும் கூடாத எலும்பானாலும், மருத்துவமனைக்கு மீதித் தொகை கிடைக்க வேண்டும். கூடவில்லை என்று பதிவானால், அடுத்த அறுவைக்கான ஒப்புதல் கூடுதல் அலைச்சல் இல்லாமல் உடனே கிடைக்க வேண்டும்.

எலும்பு கூட ஒன்பது மாதம் வரை பொறுத்திருக்கலாமே என்பாரும் உண்டு. ஒன்பது மாதம் ஆகியும், கடைசி மூன்று மாதத்தில் முன்னேற்றமே இல்லாமலும் இருந்தால்தான் கூடாத எலும்பு என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் வரையறை. அது புதிய சிகிச்சைகளைச் சோதிக்கும் ஆய்வுகளுக்குப் பயன்படும் அளவுகோல். நோயாளியைக் காத்திருக்கவைக்கும் விதியாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்றாம் மாதப் படத்தில் மேகமே தெரியாவிட்டால், அன்றைக்கே சர்க்கரை, புகையிலை, தொற்று, பிடிமானம் ஆகிய நான்கையும் துருவிப் பார்க்கத் தொடங்கலாம்.

நோயாளியின் நிலையை எழுதி வைப்பது தஞ்சாவூருக்கு அந்நியமானதும் இல்லை. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்துக் கண் நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகள், கண்ணின் படங்களோடு சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. அறுவை செய்த கண் என்ன ஆயிற்று என்பது அப்போதே எழுதி வைக்கத் தக்க செய்தியாக இருந்திருக்கிறது.

தொடங்குவதற்குத் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய நான்கு மாவட்டங்கள் போதும். அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே நோயாளியின் பெயர் அவருடைய ஊர்த் தன்னார்வலரின் பட்டியலுக்குப் போக வேண்டும். தையல் பிரித்த பின் ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம் என்று மூன்று முறை பார்ப்பது; ஒவ்வொரு முறையும் எக்ஸ்ரேக்கு வந்து செல்ல, துணைக்கும் சேர்த்து, 500 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்கில் போடுவது; காப்பீட்டுத் தொகுப்பில் பத்தில் இரண்டு பங்கை ஆறாவது மாதப் படம் வந்த பிறகு தருவது. தனியார் மருத்துவமனைகளுக்கும் இதே விதி, ஏனென்றால் 48 மணி நேரத் திட்டத்தில் அங்கே சேர்க்கப்படுபவரும் பிறகு ஊருக்குத்தான் திரும்புகிறார். ஓராண்டு முடிந்ததும் எத்தனை பேருக்கு ராடு போட்டோம், எத்தனை பேர் குந்தி எழுகிறார்கள் என்ற இரண்டு எண்களை மாவட்ட வாரியாகச் சட்டமன்றத்தில் வைக்கட்டும். இரண்டாவது எண் குறைவாக இருக்கும் மாவட்டத்தில் எக்ஸ்ரே இயந்திரம் போதவில்லையா, முதல் ஊசி தாமதமா, இயன்முறை மருத்துவர் பணியிடம் காலியா என்று தேடுவதற்கு அப்போது ஒரு பிடி கிடைத்துவிடும்.